பேட்டரி வைத்தாயிற்று, பம்பிங்கை யார் பார்ப்பது?

இதயச் செயலிழப்புக்காக சிஆர்டி என்ற மூன்று வயர் பேஸ்மேக்கர் பொருத்தும் தமிழ்நாட்டு மருத்துவர்களுக்கு,

வணக்கம்.

நான் 27 வருடம் எக்கோ, அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட் படம், எடுக்கும் டெக்னீஷியனாக வேலை பார்த்து, போன வருடம் ஓய்வுபெற்றவள். உங்களில் பலருக்கு என் முகம் தெரிந்திருக்காது. இருட்டறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் முதுகுதான் தெரிந்திருக்கும். கதவைப் பாதி திறந்து, "என்னம்மா, பம்பிங் எவ்வளவு?" என்பீர்கள். "இருபத்தெட்டு சார்" என்பேன். கதவு மூடிக்கொள்ளும். (இதயத்தின் இடது கீழறை தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்பதுதான் பம்பிங்.) எக்கோ அறைக்கும் உங்களுக்கும் பெரும்பாலும் அவ்வளவுதான் பேச்சு. அந்த ஒற்றை எண்ணோடு திரும்பிவிடாமல், பேஸ்மேக்கர் வைப்பதற்கு முன்பும், அதைவிட முக்கியமாக வைத்த பிறகும், கொஞ்சம் உள்ளே வந்து திரையைப் பாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

உங்களுக்குத் தனியாகவே எழுதியிருக்கலாம். ஆனால் இதை நோயாளிகளின் பிள்ளைகளும் படிக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து "எக்கோ எடுக்க வேண்டாமா டாக்டர்?" என்று கேட்க வேண்டியவர்கள் அவர்கள்தான். அதனால் உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததையும் இடையிடையே விளக்கிக்கொண்டு போவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பெட்ஷீட் துவைத்தால் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் பிழிவோம். இருவரும் ஒரே நேரத்தில் முறுக்கினால்தான் தண்ணீர் வடியும். ஒருவர் முறுக்கும்போது மற்றவர் கையைத் தளர்த்தி, அவர் முறுக்கும்போது இவர் தளர்த்தினால் கைதான் வலிக்கும், பெட்ஷீட் ஈரமாகவே இருக்கும். இதயத்தின் இடது மின்கிளை அடைபட்டவர்களுக்கு, நீங்கள் எல்பிபிபி என்று எழுதுகிறீர்களே அவர்களுக்கு, உள்ளே நடப்பது இதுதான். மின்சாரம் வலது பக்கம் முதலில் போய்விடுகிறது, இடது பக்கத்துக்குச் சுற்றிக்கொண்டு தாமதமாக வருகிறது. நடுச்சுவர் சுருங்கும்போது பக்கச்சுவர் இன்னும் விழிக்கவில்லை. பக்கச்சுவர் சுருங்கும் நேரத்தில் நடுச்சுவர் தளர்ந்துவிட்டது. ரத்தம் வெளியே போகாமல் அறைக்குள்ளேயே இங்கும் அங்கும் அலைகிறது. ஈசிஜியில் க்யூஆர்எஸ் என்ற அலை அகலமாகிறது. சாதாரணமாக 80 முதல் 100 மில்லி விநாடி இருப்பது, இவர்களில் பலருக்கு 150ஐத் தாண்டும்.

சாதாரண பேஸ்மேக்கர், துடிப்பு குறைந்துபோனவர்களுக்கு. சிஆர்டி அப்படியல்ல. துடிப்பு எண்ணிக்கை சரியாக இருப்பவருக்கும் அதை வைக்கிறீர்கள். இரண்டு வயருக்குப் பதில் மூன்று. மூன்றாவது வயரை இதயத்தின் சிரைக்குள் வழி கண்டுபிடித்துக் கொண்டுபோய் இடது பக்கச்சுவரின் மேல் நிறுத்தி, இரண்டு சுவர்களையும் ஒன்றாகப் பிழிய வைக்கிறீர்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2005இல் வந்த கேர்-எச்எஃப் ஆய்வில் 813 பேர். மருந்து மட்டும் எடுத்தவர்களில் 30 சதவீதம் பேர் இறந்தார்கள், சிஆர்டியும் வைத்தவர்களில் 20 சதவீதம். ஐந்து நிமிடம் படுக்க முடியாமல் தலையணை அடுக்கி உட்கார்ந்தே தூங்கியவர்கள், ஆறு மாதம் கழித்துத் தனியாகப் பஸ் ஏறி வந்து என் எக்கோ மேசையில் மல்லாந்து படுத்ததைப் பார்த்திருக்கிறேன். கருவியைக் குறை சொல்ல வரவில்லை.

ஆனால் அப்படி வராதவர்களும் உண்டு. மூன்றில் ஒருவருக்கு எதிர்பார்த்த பலன் கிடைப்பதில்லை என்பது இருபது வருடமாக எல்லோரும் சொல்லும் கணக்கு. அந்த மூன்றாமவரைப் பற்றித்தான் இந்த மடல்.

அதற்கு முன்னால் என் பக்கத்துத் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

2005ஐ ஒட்டி எக்கோ மெஷின்களில் டிஷ்யூ டாப்ளர் வந்தபோது எங்களைப் போன்றவர்களுக்குத் திடீரென்று மவுசு கூடியது. சுவர்கள் எவ்வளவு நேர வித்தியாசத்தில் அசைகின்றன என்பதை மில்லி விநாடியில் அளக்கலாம். இடது கீழறையில் 12 இடங்களில் அளந்து, அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று கணக்குப் போடுவோம். ஹாங்காங் மருத்துவர் யூவின் பெயரால் அதற்கு யூ இண்டெக்ஸ் என்று பெயர். 33 மில்லி விநாடிக்கு மேல் போனால் ஒத்திசைவு இல்லை என்று அர்த்தம். அப்போது பரவிய எண்ணம் இது: ஈசிஜியில் அலை அகலமாக இல்லாவிட்டால் என்ன, எக்கோவில் சுவர்கள் முன்னேபின்னே அசைந்தால் போதுமே, அவருக்கும் சிஆர்டி வைக்கலாமே. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. எனக்கும் பெருமையாக இருந்தது. முதல்முறையாக டாக்டர்கள் கதவை முழுசாகத் திறந்து உள்ளே வந்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

அந்த நாட்களில் நான் வேலை பார்த்த இடத்துக்கு ஒருவர் வந்தார். ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். பம்பிங் 25, க்யூஆர்எஸ் குறுகல். அளந்தேன், 31 வந்தது. "இன்னொரு தடவை பாரும்மா" என்றார் டாக்டர். திட்டியோ மிரட்டியோ சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். மறுபடி அளந்தேன். டாப்ளர் அலையின் உச்சி எது என்பதில் எப்போதுமே ஒரு தடுமாற்றம் இருக்கும்; இரட்டை உச்சி இருந்தால் கர்சரை முதல் உச்சியில் வைப்பதா இரண்டாவதிலா என்பது அன்றைய கையைப் பொறுத்தது. இந்தத் தடவை 36. அதை எழுதிக் கொடுத்தேன். அவருக்குக் கருவி வைத்தார்கள். நிலத்தில் ஒரு பகுதியை விற்றுத்தான் பணம் கட்டினார்கள் என்று அவர் மனைவி பின்னால் சொன்னார். ஒரு வருடத்துக்கு மேல் அவர் எக்கோவுக்கு வந்துகொண்டிருந்தார், பம்பிங் 25ஐத் தாண்டவே இல்லை. அப்புறம் வரவில்லை.

2008இல் ப்ராஸ்பெக்ட் ஆய்வு வந்தது. 53 மருத்துவமனைகள், 498 நோயாளிகள், எக்கோவில் 12 விதமான அளவீடுகள். எந்த ஒரு அளவீட்டையும் நம்பி, இவருக்குப் பலன் கிடைக்கும், அவருக்குக் கிடைக்காது என்று பிரிக்க முடியாது என்று முடித்தார்கள். ஒரே படத்தை இரண்டு பேர் அளந்தால் இரண்டு விடை. எனக்கு அது செய்தியே இல்லை, என் கையே எனக்குச் சொல்லியிருந்தது. அதற்கு முந்தைய வருடமே ரீதிங்க்-க்யூ ஆய்வு, குறுகிய க்யூஆர்எஸ் உள்ள 172 பேரில் பலனில்லை என்று காட்டியிருந்தது. 2013இல் எக்கோ-சிஆர்டி ஆய்வு. குறுகிய க்யூஆர்எஸ், ஆனால் எக்கோவில் ஒத்திசைவு இல்லை என்று தெரிந்த 809 பேர். எல்லோருக்கும் கருவி வைத்து, பாதிப்பேருக்கு அதன் சிஆர்டி வேலையை ஓடவிட்டு, பாதிப்பேருக்கு நிறுத்தி வைத்தார்கள். ஓடவிட்டவர்களில் 45 பேர் இறந்தார்கள், நிறுத்தியவர்களில் 26 பேர். ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

அந்த 45ஐப் படித்த அன்று எனக்கு அந்த 36 நினைவுக்கு வந்தது. அவர் கருவியால்தான் போனார் என்று சொல்லவில்லை. அது யாருக்கும் தெரியாது. ஆனால் அவருக்கு அது தேவைப்பட்டிருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அதற்கான சீட்டில் இருந்தது என் கையெழுத்து.

சரி, பாடம் கற்றோம். இன்று ஐரோப்பிய வழிகாட்டு நெறிகள் தெளிவாகச் சொல்கின்றன: யாருக்கு சிஆர்டி என்று முடிவு செய்வது ஈசிஜி. எல்பிபிபி இருந்து, க்யூஆர்எஸ் 150 அல்லது அதற்கு மேல் இருந்து, நல்ல மருந்துகளுக்குப் பிறகும் பம்பிங் 35 அல்லது அதற்குக் கீழே இருந்தால் தயங்காமல் வைக்கலாம். 130க்குக் கீழே, வேறு காரணம் இல்லாமல், வைக்கக் கூடாது. இதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். நாளைக்கே யாராவது புது சாஃப்ட்வேருடன் வந்து "குறுகிய க்யூஆர்எஸ்ஸுக்கும் பார்த்துச் சொல்லலாம் மேடம்" என்றால், என் அனுபவத்தைச் சொல்லி அனுப்பிவிடுவேன்.

எனக்கு ஒப்பாதது அதற்குப் பிறகு நடந்தது. வாசலில் நிற்க வைத்த காவல்காரர் ஆளைத் தப்பாக உள்ளே விட்டார் என்பதற்காக அவரை வீட்டைவிட்டே அனுப்பிவிட்டீர்கள். யாருக்கு வைப்பது என்ற கேள்வியில் எக்கோ தோற்றது உண்மை. எங்கே வைப்பது, வைத்தது வேலை செய்கிறதா, செய்யாவிட்டால் ஏன் என்ற கேள்விகளில் அது தோற்கவில்லை. அந்தக் கேள்விகளைத்தான் இப்போது யாரும் கேட்பதில்லை.

முதலில், வைப்பதற்கு முன்னால். மூச்சு வாங்கி, காலெல்லாம் நீர் கோத்து, இரவு இரண்டு மணிக்கு வந்து சேர்ந்தவருக்கு மறுநாள் காலையில் எடுத்த எக்கோவின் எண்ணை வைத்தே கருவிக்குத் தேதி குறிப்பதைப் பார்த்திருக்கிறேன். மருந்துகளை முழு அளவில் குறைந்தது மூன்று மாதம் கொடுத்துப் பார்த்த பிறகு எடுக்கும் எக்கோதான் கணக்கு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் மருந்தே ஒழுங்காகக் கொடுபடுவதில்லை. பக்கத்துக் கேரளத்தில் 2013இல் திருவனந்தபுரம் மாவட்ட மருத்துவமனைகளில் சேர்ந்த 1205 இதயச் செயலிழப்பு நோயாளிகளைப் பதிவு செய்தார்கள். பம்பிங் குறைந்தவர்களில், வீட்டுக்குப் போகும்போது நெறிப்படியான மருந்துகள் எழுதப்பட்டவர்கள் 25 சதவீதம்தான். பதிவானவர்களின் சராசரி வயது 61. மேற்கத்திய நாடுகளில் இதே நோயோடு சேர்பவர்கள் எழுபதைத் தாண்டியவர்கள். நம் ஆட்களுக்குக் கருவி வைத்தால் அது அதிக வருடம் ஓட வேண்டும், பேட்டரி மாற்ற வேண்டும், வயரோடு அதிக காலம் வாழ வேண்டும். மூன்று மாதத்தில் மருந்திலேயே பம்பிங் 27 போய் 42 வந்தவர்களை என் திரையில் பார்த்திருக்கிறேன். அவர்கள் வெறும் மாத்திரை டப்பாவோடு வீட்டுக்குப் போனார்கள்.

அந்த 35 என்ற பம்பிங் எல்லையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரே நோயாளியை ஒரே நாளில் இரண்டு பேர் அளந்தால் ஐந்து, ஆறு எண் வித்தியாசம் வருவது சகஜம். கண்ணால் பார்த்தே "முப்பத்தைந்து" என்று எழுதும் வழக்கம் வேறு. அது அளவு இல்லை, அனுமதிச் சீட்டு. "கொஞ்சம் பார்த்துப் போடுங்களேன்" என்று என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். பம்பிங் சதவீதத்தை மட்டும் கேட்காதீர்கள். இதயம் சுருங்கி முடித்த நிலையில் இடது கீழறையில் எத்தனை மில்லி லிட்டர் மிச்சமிருக்கிறது என்று கேளுங்கள். இரண்டு பக்கப் படத்திலும் கோடு வரைந்து அளக்க எனக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகும். ஆனால் ஆறு மாதம் கழித்து ஒப்பிட வேண்டிய எண் அதுதான். அது 15 சதவீதம் குறைந்தால் கருவி வேலை செய்கிறது என்று உலகம் முழுக்க எடுத்துக்கொள்கிறார்கள். முதல் ரிப்போர்ட்டில் அந்த எண் இல்லையென்றால் எதோடு ஒப்பிடுவது?

இன்னொன்று, அளவே தேவையில்லாத ஒன்று. எல்பிபிபி உள்ள நல்ல கேஸ்களில் துடிப்பின் தொடக்கத்தில் நடுச்சுவர் வெடுக்கென்று உள்ளே ஒரு துள்ளுத் துள்ளிவிட்டுப் பின்வாங்கும். செப்டல் ஃப்ளாஷ் என்பார்கள். இதயத்தின் நுனி ஊஞ்சல் மாதிரி இப்படியும் அப்படியும் ஆடும். இதற்கு கர்சர் வேண்டாம், கணக்கு வேண்டாம், கண் போதும். இது முன்னால் இருந்து, கருவி வைத்த பிறகு மறைந்தால், அந்த நோயாளிகள் நன்றாக இருக்கிறார்கள் என்று ஐரோப்பிய மையங்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்து 2016இல் எழுதின. கதவருகிலிருந்து இது தெரியாது. திரைக்கு முன்னால் வந்து ஒரு நிமிடம் நின்றால் தெரியும்.

அடுத்தது வயர். மூன்றாவது வயரை எங்கே நிறுத்துவது என்பது பெரும்பாலும் சிரை எங்கே விடுகிறதோ அங்கே என்றுதான் முடிகிறது. உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. கருவி பொருத்தும் அறையான கேத் லேபில் மூன்று மணி நேரம் நின்று, வயர் ஒரு கிளையில் போய் உட்கார்ந்துவிட்டால் அதைக் கலைக்க யாருக்கும் மனசு வராது. ஆனால் எந்தச் சுவர் கடைசியாகச் சுருங்குகிறது, எந்த இடம் பழைய மாரடைப்பில் தழும்பாகிக் கிடக்கிறது என்று எக்கோவில் சுவரின் அசைவைப் புள்ளி புள்ளியாகத் தொடரும் ஸ்பெக்கிள் ட்ராக்கிங்கில் முன்கூட்டியே பார்த்து, தழும்பைத் தவிர்த்து, தாமதமான இடத்துக்கு வயரைக் குறிவைத்தால் என்ன ஆகும் என்று இங்கிலாந்தில் 220 பேரை வைத்துப் பார்த்தார்கள். 2012இல் வந்த டார்கெட் ஆய்வு. வழக்கம்போல வைத்தவர்களில் 55 சதவீதம் பேருக்குப் பலன், குறிவைத்து வைத்தவர்களில் 70 சதவீதம். அடுத்த வருடம் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கிலிருந்து 187 பேரை வைத்து வந்த ஸ்டார்ட்டர் ஆய்வும் அதே திசையில்தான் சொன்னது. சின்ன ஆய்வுகள்தான், மறுக்கவில்லை. ஆனால் தழும்பில் வயரை வைத்துவிட்டு அது தூண்டவில்லை என்று வருத்தப்படுவதைவிட, முந்தின நாள் எக்கோ அறையில் அரை மணி நேரம் செலவழிப்பது நட்டமில்லை.

இனி, வைத்த பிறகு. என் உண்மையான புகார் இங்கேதான்.

கருவி வைத்த நோயாளி செக்கப்புக்கு வருகிறார். கருவிக் கம்பெனிக்காரர் ஒரு பெட்டியைத் திறந்து, நெஞ்சின் மேல் ஒரு தட்டை வைத்து, பிரின்ட் எடுத்துக் கொடுக்கிறார். "பேட்டரி நல்லா இருக்கு, லீட் நல்லா இருக்கு, பேசிங் தொண்ணூத்தாறு." லீட் என்றால் வயர்; பேசிங் 96 என்றால் நூறு துடிப்பில் 96ஐக் கருவி தூண்டியது என்று அர்த்தம். எல்லோருக்கும் திருப்தி. கருவி நலம். கருவி யாருக்காக வைக்கப்பட்டதோ அந்த இதயத்தை யாரும் பார்ப்பதில்லை. அது வேறு அறையில், வேறு தேதியில், வேறு பில்லில் இருக்கிறது.

ஒரு பாட்டி. எழுபது வயது இருக்கும், எப்போதும் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வருவார். சிஆர்டி வைத்து ஒன்றரை வருடம். மூச்சு வாங்குவது நிற்கவில்லை. செக்கப் சீட்டில் 96 சதவீதம் பேசிங் என்று இருந்தது, அதனால் "கருவி சரியாத்தான் வேலை செய்யுது, வயசாயிடுச்சில்ல" என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வேறு ஏதோ காரணத்துக்காக எக்கோவுக்கு வந்தார். ப்ரோபை வைத்ததும் எனக்கு உறுத்தியது. சில துடிப்புகளில் நடுச்சுவர் அமைதியாக இருந்தது, சில துடிப்புகளில் பழையபடி வெடுக்கென்று துள்ளியது. பாட்டிக்கு மேலறைத் துடிப்பு தாறுமாறாக இருக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தது. இதயத்தின் சொந்த மின்சாரம் ஒழுங்கில்லாமல் முந்திக்கொண்டு வந்துவிடும். அந்த நொடியில் கருவியும் தன் பங்குக்குத் தட்டிவிட்டு, "நான்தான் தூண்டினேன்" என்று தன் கணக்கில் ஒன்று ஏற்றிக்கொள்ளும். சுவர் கேட்டதென்னவோ பழைய உத்தரவைத்தான். கருவி எண்ணுவது தான் தட்டிய தட்டுகளை. இதயம் கேட்டதா என்று அதற்குத் தெரியாது.

நல்லவேளையாக அன்று ஒரு இளம் டாக்டர் இருந்தார். கூப்பிட்டதும் வந்தார், நின்று பார்த்தார். ஹோல்டர் என்ற, உடலில் மாட்டிவிடும் ஈசிஜி கருவியைப் போட்டு 24 மணி நேரம் பதிவு செய்தார்கள். துடிப்புகளில் கணிசமானவை கலப்படத் துடிப்புகள். துடிப்பைக் கட்டுப்படுத்தும் மருந்தைக் கூட்டிப் பார்த்தும் போதாமல், மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மின் இணைப்பையே சுட்டு நிறுத்தினார்கள். அதன் பிறகு கருவியின் சொல்தான் எடுபட்டது. நான்கு மாதம் கழித்து பாட்டி வந்தபோது, பேத்தி பின்னால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். பாட்டி அவசரத்தில் கழற்றிப் போட்டுவிட்டு முன்னால் நடந்து வந்துவிட்டாராம்.

உடனே சொல்வீர்கள், எனக்குத் தெரியும்: எக்கோ பார்த்து கருவியின் டைமிங்கை மாற்றுவதால் பிரயோஜனமில்லை என்று 2010இல் ஸ்மார்ட்-ஏவி ஆய்வு 980 பேரில் காட்டிவிட்டதே என்று. உண்மை. எல்லோருக்கும் 120 மில்லி விநாடி என்று மேலறை-கீழறை இடைவெளியை வைத்துவிட்டாலும், எக்கோவில் மெனக்கெட்டு ஒவ்வொருவருக்கும் பார்த்து வைத்தாலும் ஆறு மாதத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அது கருவி வைத்த எல்லோருக்கும் ஆரம்பத்திலேயே பார்த்தது. நான் கேட்பது பலன் கிடைக்காதவர்களைப் பற்றி. அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் அப்படிப்பட்ட 75 பேரை மட்டும் தனி கிளினிக்கில் உட்கார வைத்து, கருவி, எக்கோ, ஈசிஜி, ரத்தப் பரிசோதனை, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்து 2009இல் எழுதினார்கள். ஏறத்தாழ பாதிப்பேருக்கு இடைவெளி நேரம் சரியாக இல்லை. ஐந்தில் ஒருவருக்கு வயர் தப்பான இடத்தில். பலருக்குத் துடிப்புக் கோளாறு, ரத்தசோகை, மருந்து போதாமை. பெரும்பாலானவர்களுக்குச் செய்ய ஏதாவது ஒன்று மிச்சமிருந்தது. "வயசாயிடுச்சில்ல" என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

இடைவெளி தப்பாக இருந்தால் எக்கோவில் அது பச்சையாகத் தெரியும். இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு வழியாக ரத்தம் இரண்டு அலையாக உள்ளே வரும். இடைவெளி அதிகமானால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். குறைவானால் இரண்டாவது அலை, அதாவது மேலறை தள்ளும் அலை, வெட்டினாற்போல் பாதியில் நின்றுவிடும். கம்பெனிக்காரர் பெட்டியோடு அதே அறையில் இருந்தால், அவர் எண்ணைக் குறைக்கக் குறைக்க நான் அலையைப் பார்த்துக்கொண்டே வந்து, "போதும், இதுக்கு மேல குறைக்காதீங்க" என்று சொல்லிவிடலாம். இருபது நிமிட வேலை. என் 27 வருடத்தில் இப்படி இருவரும் ஒரே அறையில் இருந்தது விரல் விட்டு எண்ணக்கூடிய தடவைகள்தான்.

எக்கோ, பேஸ்மேக்கர் என்ற இந்த இரண்டு பெட்டிகளும் ஒரே நாட்டில் ஐந்து வருட இடைவெளியில் பிறந்தவை என்பது எனக்கு எப்போதுமே வேடிக்கையாக இருக்கும். ஸ்வீடனின் லுண்ட் நகரத்தில் எட்லர் என்ற டாக்டரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் 1953 அக்டோபரில் முதல் எக்கோ பதிவை எடுத்தார்கள். உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் கருவியை இரவல் வாங்கி, ஹெர்ட்ஸ் தன் நெஞ்சிலேயே வைத்துப் பார்த்தாராம். 1958 அக்டோபரில் ஸ்டாக்ஹோமில் ஆர்னே லார்சன் என்பவருக்கு உலகின் முதல் பேஸ்மேக்கரை உடலுக்குள் பொருத்தினார்கள். அந்தக் கருவி சில மணி நேரம்தான் ஓடியது. அவரோ அதற்கப்புறம் இருபதுக்கும் மேற்பட்ட பேஸ்மேக்கர்களை மாற்றிக்கொண்டு, 86 வயது வரை, 2001 டிசம்பர் வரை வாழ்ந்தார். அதே 2001இல்தான் அமெரிக்காவில் சிஆர்டிக்கு அனுமதி கிடைத்தது. நம் ஊரில் எக்கோவும் பேஸ்மேக்கரும் ஒரே கட்டடத்தில் வெவ்வேறு மாடியில் குடியிருக்கின்றன, சந்தித்துக்கொள்வதில்லை.

இப்போது உங்களில் பலர் மூன்றாவது வயரையே விட்டுவிட்டு, நடுச்சுவருக்குள் வயரைத் திருகி இடது மின்கிளையையே நேராகப் பிடிக்கிறீர்கள். சீனாவின் வென்சோ நகரத்திலிருந்து 2017இல் முதலில் எழுதப்பட்ட முறை. மதுரை வேலம்மாள் மருத்துவக் கல்லூரியிலிருந்து இதைப் பற்றி வந்த கட்டுரைகளை வெளிநாட்டுக்காரர்களும் மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதில் எனக்குத் தனி சந்தோஷம். சாதாரண பேஸ்மேக்கரே போதும் என்பதால் செலவும் குறைவு. 2022இல் சீனாவில் 40 பேரை வைத்துச் செய்த ஒப்பீட்டில், பம்பிங் கூடுவதில் பழைய சிஆர்டியை இது முந்தியது. 40 பேர்தான், பெரிய ஆய்வுகள் வரட்டும். ஆனால் இதிலும் அதே கதை ஆரம்பித்துவிட்டதைப் பார்க்கிறேன். ஈசிஜியில் அலை குறுகிவிட்டால் கைகுலுக்கிவிட்டு வெளியே வந்துவிடுகிறீர்கள். வயர் நடுச்சுவருக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறதா, மூவிதழ் வால்வின் இதழைத் தடுத்துக் கசிய வைக்கிறதா என்பதையெல்லாம் எக்கோ காட்டும். ஐந்து வருடம் கழித்து என்ன ஆகும் என்று நமக்கு இன்னும் தெரியாத முறையில், முதல் நாள் படத்தை ஒழுங்காக எடுத்து வைக்காமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடைசியாக, நான் கேட்பது என்ன? புது மெஷின் எதுவும் வேண்டாம். இருக்கிற மெஷினே போதும். சிஆர்டி வைத்த ஒவ்வொருவருக்கும் டிஸ்சார்ஜ் சீட்டிலேயே ஆறாவது மாத எக்கோவுக்குத் தேதி போடுங்கள், "தேவைப்பட்டால்" என்று எழுதாதீர்கள். அந்தத் தேதியில் கம்பெனிக்காரரையும் அதே அறைக்கு வரச் சொல்லுங்கள். மாதத்தில் ஒரு மத்தியானம் போதும், ஐந்தாறு பேரைப் பார்த்துவிடலாம். காப்பீட்டில் வைத்தவர்களுக்கு இந்த எக்கோவுக்குக் கையிலிருந்து பணம் கேட்காதீர்கள், பாதிப்பேர் வராமல் போவதே அதனால்தான். சிஆர்டி கேஸுக்கு எங்களுக்குக் குறைந்தது நாற்பது நிமிடம் கொடுங்கள். வெளியே முப்பது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருக்க, எட்டு நிமிடத்தில் ஒரு எக்கோ எடுக்கச் சொன்னால், நீங்கள் கேட்ட அந்த ஒற்றை எண்தான் கிடைக்கும்.

டெக்னீஷியன் ஏதாவது சொன்னால் ஒரு நிமிடம் கேளுங்கள். நாங்கள் டாக்டர்கள் இல்லை, ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்க வேண்டியவர்கள் நீங்கள்தான். அன்று அந்த 36க்குக் கீழே நான் போட்ட கையெழுத்து இன்னும் எனக்குள் கிடக்கிறது என்பதால் சொல்கிறேன். அன்று "சார், இது என் கை நடுக்கம், இந்த எண்ணை நம்பாதீங்க" என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இன்று அந்த நாற்காலியில் இருக்கும் பெண்ணுக்கு அந்தத் தைரியம் வரும்படி நடந்துகொள்ளுங்கள்.

அந்த மத்தியானக் கிளினிக்கை யாராவது ஆரம்பித்தால், நடுச்சுவர்த் துள்ளலையும் மைட்ரல் அலையையும் புதிதாக வேலைக்கு வந்த டெக்னீஷியன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க நான் வருகிறேன். சம்பளம் வேண்டாம், பஸ் காசும் டீயும் போதும். வியாழக்கிழமை மட்டும் முடியாது, எனக்குக் கண் ஆஸ்பத்திரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எக்கோ டெக்னீஷியன் ஒருத்தி